ஊரார் கையில் ஊர்க் குடிநீர்



ஓர் ஊருக்குக் குடிநீர்க் குழாய் முதன்முதலாக வந்து சேரும் நாள் திருவிழா நாளாகவே கொண்டாடப்படுகிறது. மாவிலைத் தோரணம் கட்டுகிறார்கள், மேளம் முழங்குகிறது, பெரியவர் ஒருவர் வந்து குழாயைத் திறந்து வைக்கிறார். இவையெல்லாம் வேண்டியவையே. எனினும் அக்குழாயின் பயனை அந்த ஒரு நாளைக் கொண்டு அளவிட இயலாது. மூன்றாம் ஆண்டில் ஒரு நாள் மோட்டார் பழுதுபடுகிறதே, அதற்கு மறுநாள் என்ன நிகழ்கிறது என்பதைக் கொண்டே அளவிட வேண்டும். பழுதைச் சரிசெய்யத் தெரிந்தவர் யார்? அதற்கான பணம் எங்கே இருக்கிறது? அந்தப் பணத்தைச் செலவிட முடிவு செய்பவர் யார்? இம்மூன்று வினாக்களுக்கும் ஊருக்குள்ளேயே விடை கிடைக்குமானால் இரண்டொரு நாளில் தண்ணீர் மீண்டும் வரும். கிடைக்காவிட்டால், பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு பழைய குட்டைக்கே திரும்ப நேரும்.

இந்த நிலை எல்லா ஊர்களையும் ஒரே அளவில் தாக்குவதில்லை. செல்வாக்குள்ள ஊரில் குழாய் நின்றால் அலுவலகத்துக்குப் பலர் போய்ச் சொல்வார்கள். மலைவாழ் மக்களின் சிற்றூரிலோ, ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட குடியிருப்பிலோ குழாய் நின்றால் போய்ச் சொல்வதற்கும் ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். சொன்னாலும் கேட்பவர் குறைவு. ஆகவே எளிய மக்களுக்குத் தூய நீர் கிடைக்கச் செய்வது என்பது குழாய் பதித்துக் கொடுப்பதோடு முடிந்துவிடுகிற காரியம் ஆகாது. அக்குழாயை அவர்களே கட்டவும், அவர்களே நடத்தவும் வேண்டிய திறனும் நிதியும் உரிமையும் அவர்களிடம் சேர வேண்டும். இதை இந்தியா எவ்வாறு கற்றுக்கொண்டது என்பதைப் பற்றிச் சிறிது சொல்ல விரும்புகிறேன்.

1966–67இல் பீகாரில் கடும் வறட்சி ஏற்பட்டது. அதைத் தொடர்ந்து, கடும் பாறையையும் துளைக்கவல்ல பொறிகளை ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமாகிய யுனிசெஃப் நம் நாட்டுக்குத் தருவித்தது. அடுத்த சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான ஊர்களில் ஆழ்துளைக் கிணறுகள் தோண்டப்பட்டு அடிபம்புகள் பொருத்தப்பட்டன. அந்தப் பம்புகள் வார்ப்பிரும்பால் ஆனவை. மேல்நாடுகளில் ஒரு பண்ணைக் குடும்பம் பயன்படுத்தும் பம்பைப் பார்த்துச் செய்யப்பட்டவை. நம் ஊரிலோ ஒரு பம்பை நூற்றுக்கணக்கானோர் விடியற்காலை முதல் இரவு வரை ஓயாமல் இயக்கினர். கைப்பிடி முறிந்தது, அச்சு தேய்ந்தது. 1970களின் நடுப்பகுதியில் கணக்கெடுத்தபோது பம்புகளில் ஏறக்குறைய முக்கால் பங்கு இயங்கவில்லை என்று தெரிந்தது. பாறையைத் துளைத்துத் தண்ணீரைக் கண்டுவிட்டோம். அதை மேலே கொண்டுவரும் கருவி காலடியில் செத்துக் கிடந்தது.

இதற்கு மாற்றாக, மராட்டிய மாநிலத்தில் பழக்கத்தில் இருந்த சோலாப்பூர் பம்பை அடிப்படையாகக் கொண்டு ‘இந்தியா மார்க் இரண்டு’ என்னும் உறுதியான எஃகுப் பம்பு உருவாக்கப்பட்டது. அதன் சோதனையிலும் தயாரிப்பிலும் கோயம்புத்தூருக்கும் சென்னைக்கும் பங்கு உண்டு. பழுது பார்ப்பதற்கும் ஒரு முறை வகுக்கப்பட்டது. ஊருக்கு ஒரு பராமரிப்பாளர், ஒன்றியத்துக்கு ஒரு மெக்கானிக், மாவட்டத்துக்கு ஒரு நடமாடும் பணிக்குழு என்னும் அந்த மூன்றடுக்கு முறை 1970களில் தமிழ்நாட்டில் தொடங்கிப் பிற மாநிலங்களுக்கும் பரவிற்று.

ஆயினும் ஒரு குறை எஞ்சியது. பம்பின் அடியில் தண்ணீரைத் தள்ளும் தோல் வாசர் தேய்ந்துபோனால், அதை மாற்றுவதற்குக் கிணற்றுக்குள் இறங்கியிருக்கும் குழாய் முழுவதையும் வெளியே இழுக்க வேண்டும். அதற்கு முக்காலியும் தனிக் கருவிகளும் பல ஆட்களும் வண்டியும் வேண்டும். சிறு விலையுள்ள தோல் வளையம் ஒன்றுக்காக ஊர் முழுவதும் மாவட்டத்திலிருந்து வண்டி வரும் வரை காத்திருந்தது. 1980களில் கோயம்புத்தூர் வட்டாரத்துச் சிற்றூர்களில் பல ஆண்டுகள் சோதனை செய்து ‘மார்க் மூன்று’ என்னும் வகையை அமைத்தார்கள். அதில் குழாயின் அகலம் கூட்டப்பட்டது. குழாய் கிணற்றிலேயே இருக்க, வாசர் உள்ள பகுதியை மட்டும் மேலே தூக்கி மாற்ற முடிந்தது. ஊரில் உள்ளவர்களே சில ஸ்பானர்களைக் கொண்டு அந்த வேலையைச் செய்துவிடலாம். யார் பழுது பார்க்கப் போகிறார்கள் என்பதை மனத்தில் வைத்துக் கருவியை அமைக்க வேண்டும் என்னும் பாடம் அங்கே கற்கப்பட்டது.

அந்த ‘யார்’ என்னும் வினாவுக்கு உத்தரப் பிரதேசத்தில் பாந்தா வட்டாரத்து மக்கள் ஒரு புதிய விடை கண்டார்கள். பாந்தா, சித்திரகூடம் ஆகிய பகுதிகள் புந்தேல்கண்டைச் சேர்ந்தவை. பாறை நிலம், வறண்ட கோடை, கடுமையான சாதிக் கட்டுப்பாடு ஆகியவை அந்தப் பகுதியின் இயல்புகள். பெண்கள் மேம்பாட்டுக்கான ‘மகிளா சமாக்யா’ என்னும் திட்டத்தின்கீழ் 1990களின் தொடக்கத்தில் அங்கே பெண்களுக்கு அடிபம்பு பழுது பார்க்கும் பயிற்சி அளிக்கப்பட்டது. அவர்களுள் பெரும்பாலோர் தலித் சமூகத்தையும் கோல் என்னும் பழங்குடியையும் சேர்ந்தவர்கள், எழுத்தறியாதவர்கள். தண்ணீர் சுமக்கும் வேலை முழுவதும் பெண்களுடையது. தண்ணீர்க் கருவியைத் தொடும் வேலை மட்டும் ஆண்களுடையது என்றிருந்த வழக்கம் அங்கே உடைந்தது. பம்பைத் தொட்டால் தீட்டு என்று விலக்கப்பட்டு வந்த சமூகத்துப் பெண்களின் கையில் ஸ்பானர் வந்து சேர்ந்தது.

அவர்கள் அத்துடன் நிற்கவில்லை. எந்தப் பம்பு எந்த நாளில் பழுதாயிற்று, என்ன உறுப்பு மாற்றப்பட்டது என்று குறித்து வைக்க வேண்டியிருந்தது. அதற்கு எழுத்து வேண்டும். ஆகவே அவர்கள் எழுதப் படிக்கக் கற்க முன்வந்தார்கள். கற்றவர்கள் தாங்களே செய்தித்தாள் ஒன்று நடத்தினார்கள். ‘மகிளா டாகியா’ என்பது அதன் பெயர். அந்த மரபின் தொடர்ச்சியாகவே 2002இல் சித்திரகூடத்தில் ‘கபர் லஹரியா’ என்னும் ஊர்ப்புறப் பெண்களின் பத்திரிகை தோன்றியது. பம்பில் தொடங்கிய கல்வி பத்திரிகை வரையில் சென்றது.

அடிபம்பு ஒரு தெருவுக்கு உரியது. ஊர் முழுவதற்குமான குழாய்நீர்த் திட்டத்தை எளிய மக்கள் நடத்த முடியுமா என்று கேட்கலாம். ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தில் இதற்கு விடை உண்டு. 1936இல் ஒரிசா தனி மாகாணம் ஆகும் வரையில் கஞ்சம் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது என்பதை நேயர்கள் அறிந்திருக்கலாம். பிற்காலத்திலும் சென்னைக்கும் அந்த நிலத்துக்கும் ஓர் உறவு ஏற்பட்டது. 1971இல் ஒரிசாக் கரையைப் புயல் தாக்கியபோது, சென்னைப் பல்கலைக்கழக மாணவர் இயக்கம் ஒன்றைச் சேர்ந்த இளைஞர்கள் ஜோ மடியத் என்பவரின் தலைமையில் நிவாரணப் பணிக்குச் சென்றனர். அவர்களுள் சிலர் திரும்பி வராமல் அங்கேயே தங்கிவிட்டனர். 1979இல் அவர்கள் நிறுவிய ‘கிராம் விகாஸ்’ என்னும் அமைப்பு, மோகுடா என்னும் ஊரைத் தலைமையிடமாகக் கொண்டு இன்றும் இயங்கி வருகிறது.

முதலில் சாண எரிவாயுக் கலன்கள் அமைப்பது போன்ற பணிகளில் ஈடுபட்ட அவர்கள், 1992இல் ஐந்து ஊர்களில் குடிநீர், கழிப்பறை ஆகிய இரண்டையும் இணைத்த திட்டத்தைத் தொடங்கினர். அத்திட்டத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஊரில் உள்ள ஒவ்வொரு குடும்பமும் சேர வேண்டும். ஒரே ஒரு குடும்பம் மறுத்தாலும் வேலை தொடங்காது. இதைக் கேட்பவர்களுக்கு வீண் பிடிவாதமாகத் தோன்றக்கூடும். ஆனால் இதன் காரணம் தெளிவானது. நூறு வீடுகளில் தொண்ணூறு வீட்டார் கழிப்பறை கட்டிக்கொண்டு, பத்து வீட்டார் வயல்வெளிக்குச் சென்றால், மழை பெய்யும்போது அந்தப் பத்து வீட்டின் அழுக்கு அனைவரின் நீரிலும் கலக்கும். நோய்க்கிருமிக்கு மேல்சாதி, கீழ்சாதி தெரியாது. ஆகவே ஏழையை விட்டுவிட்டுச் செல்வர் மட்டும் தூய நீர் பெறும் வழியே இல்லை என்பதை ஊர்ப் பெரியவர்கள் உணர வேண்டியிருந்தது.

பல ஊர்களில் இந்த உடன்பாட்டுக்கு மாதங்கள் ஆயின. சில ஊர்களில் ஆண்டுகளும் ஆயின. ஒரே தொட்டியிலிருந்து தலித் வீட்டுக்கும் தங்கள் வீட்டுக்கும் நீர் செல்வதை ஏற்க மறுத்தவர்கள் இருந்தார்கள். 1927 மார்ச் 20ஆம் நாள் மகாட் நகரில் டாக்டர் அம்பேத்கர் பொதுக் குளத்து நீரைக் கையால் அள்ளிப் பருகியபோது எந்த உரிமைக்காகப் போராடினாரோ, அதே உரிமை இங்கே ஊர்க் கூட்டத்தின் பொருளாயிற்று. விரைவாக வேலையை முடிக்க வேண்டும் என்று எண்ணி அந்தப் பேச்சைத் தவிர்த்திருந்தால் குழாய் வந்திருக்கும்; சேரிக்கு மட்டும் அது கடைசியில் வந்திருக்கும், அல்லது வராமலே போயிருக்கும்.

பணத்தைப் பற்றிய ஏற்பாடும் கவனிக்கத்தக்கது. குடும்பத்துக்குச் சராசரியாக 1,000 ரூபாய் வீதம் ஊரார் ஒரு பொதுநிதி திரட்டினர். சராசரி என்று சொன்னேன். வசதியுள்ளவர் கூடுதலாகவும் வறியவர் குறைவாகவும் தந்தனர். நூறு வீட்டு ஊரானால் ஒரு லட்சம் ரூபாய் சேரும். அந்த முதலைத் தொடாமல் வங்கியில் இட்டு வைத்தனர். அதன் வட்டி, பின்னாளில் ஊரில் புதிதாகத் தோன்றும் குடும்பங்களுக்குக் கழிப்பறையும் குழாயும் அமைக்க உதவிற்று. அண்ணன் தம்பி பிரிந்து தனிக்குடித்தனம் போனாலும் ‘அனைவரும்’ என்னும் விதி பழுதுபடாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. கல், மணல், செங்கல், உடலுழைப்பு ஆகியவற்றை ஊரார் தந்தனர். வெளியிலிருந்து வந்த உதவி சிமெண்டுக்கும் குழாய்களுக்கும் இன்ன பிற பொருள்களுக்கும் பயன்பட்டது. ஒவ்வொரு வீட்டுக்கும் கழிப்பறை, குளியலறை, சமையலறை ஆகிய மூன்று இடங்களிலும் குழாய் உண்டு. எல்லா வீட்டிலும் கழிப்பறை கட்டி முடியும் வரை எவர் வீட்டுக்கும் தண்ணீர் திறக்கப்படுவதில்லை. நடைமுறைச் செலவுக்கு மாதக் கட்டணம், ஊர்க் குளத்து மீன் வருவாய், அறுவடையில் ஒரு பங்கு என்று ஊருக்கு ஊர் வெவ்வேறு வழிகள் கண்டனர்.

ஊர்ப் பொதுச்சபையில் குடும்பத் தலைவர் மட்டுமன்றிக் குடும்பத் தலைவியும் உறுப்பினர். செயற்குழுவிலும் பெண்களுக்குச் சம இடம். கஞ்சம் மாவட்டத்து ஆண்கள் பெருந்தொகையினர் சூரத் போன்ற தொலை நகரங்களில் உழைப்பவர்கள். ஆகவே ஊரில் இருந்து தொட்டியையும் கணக்கையும் கவனிப்பதில் பெண்களின் பங்கு மிகுதி. மலைப்பகுதிச் சிற்றூர்களிலோ மின்சாரமே வேண்டாத முறை கையாளப்பட்டது. ஊருக்கு மேலே உள்ள சுனையைச் சுற்றிக் கல்கட்டு எழுப்பி, சரளைக்கல் அடுக்கின் வழியே நீரை வடிகட்டி, குழாய் வழியாகச் சரிவில் இறக்கினார்கள். மோட்டார் இல்லை, மின்கட்டணமும் இல்லை. சுனையைக் காக்க மேலே உள்ள மரங்களைக் காக்க வேண்டும் என்பதும் அம்மக்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியிராத செய்தி.

ஐந்து ஊர்களில் தொடங்கிய இப்பணி ஆயிரத்துக்கு மேற்பட்ட ஊர்களுக்குப் பரவிற்று. இதன் பயனைப் பொருளியல் அறிஞர்கள் ஆராய்ந்து 2015இல் வெளியிட்ட முடிவின்படி, சிகிச்சைக்குச் செல்லும் அளவுக்கு ஏற்படும் வயிற்றுப்போக்கு இந்த ஊர்களில் 30 முதல் 50 விழுக்காடு வரை குறைந்தது. 2019இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், குழந்தைகளின் வயிற்றுப்போக்கில் அத்தகைய குறைவு காணப்படவில்லை. ஆனால் வயதுக்கேற்ற உயர வளர்ச்சி ஓரளவு மேம்பட்டிருந்தது தெரிந்தது. குழாய் வந்தவுடன் எல்லா நோயும் ஓடிவிடும் என்று எதிர்பார்ப்பது சரியன்று என்பதையும் இவை நமக்கு அறிவிக்கின்றன.

இவ்விடத்தில் நியாயமான ஒரு கேள்வி எழும். நகரத்து மாளிகைவாசிக்கு அரசாங்கமே குழாய் பதித்துத் தருகிறது. காட்டில் விறகு பொறுக்கும் ஏழை மட்டும் மண் சுமந்து, பணமும் தந்து, தன் குழாயைத் தானே கட்டிக்கொள்ள வேண்டுமா? இந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்கக் கூடாது. ஊராரின் பங்கு என்னும் பெயரால் அரசு தன் கடமையிலிருந்து நழுவுமானால் அது அநீதியே ஆகும். பெருஞ்செலவை அரசு ஏற்க வேண்டும். ஊரார் தரும் சிறு தொகைக்கு வேறு பயன் உண்டு. பணம் தந்தவர் கணக்குக் கேட்பார். மண் சுமந்தவர் குழாய் எந்த வழியே போகிறது என்பதை அறிவார். உடைந்தால் எங்கே உடைந்திருக்கும் என்பதையும் அறிவார்.

ஊராரால் இயலாதவையும் சில உண்டு. கிருமியைக் கொல்லக் குளோரின் கலக்க ஊரில் ஒருவர் கற்றுக்கொள்ளலாம். குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சி நிற்கிறதா என்று சிறு பெட்டியிலுள்ள மருந்தைக் கொண்டு பார்த்துவிடலாம். ஆனால் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து பல்லும் எலும்பும் கெடும் இடங்களிலும், ஆர்சனிக் கலந்த கங்கைச் சமவெளி ஊர்களிலும், ஊர்க்குழு தனித்து நின்று என்ன செய்ய முடியும்? இந்த நஞ்சுகளுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆய்வுக்கூடமும் மாற்று நீர் ஆதாரமும் அரசு தர வேண்டியவை. தங்கள் ஊர் நீரின் சோதனை முடிவு ஊர்ச் சாவடியில் ஒட்டப்பட வேண்டும் என்று கேட்கும் உரிமை ஊராருடையது.

இவ்வுரிமைக்குச் சட்டத்திலும் இடம் உண்டு. 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம், ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க துறைகளுள் ஒன்றாகக் குடிநீரையும் சேர்த்தது. 2019 ஆகஸ்டு 15ஆம் நாள் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் இயக்கத்தின் தொடக்கத்தில் நாட்டின் ஊர்ப்புற வீடுகளுள் 3.23 கோடி வீடுகளில் மட்டுமே குழாய் இருந்தது. 2025இன் தொடக்கத்தில் அது 15 கோடிக்கு மேல் இருந்தது. ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது அதன் அளவு. அந்த இயக்கத்தின் விதிப்படி ஒவ்வோர் ஊரிலும் 10 முதல் 15 பேர் கொண்ட குடிநீர்க்குழு இருக்க வேண்டும். பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். நலிந்த பிரிவினருக்கு அவர்களின் மக்கள்தொகைக்கேற்ற இடம் தர வேண்டும். ஊருக்குள் அமைக்கும் வேலைக்கான செலவில், மலை, காட்டுப்பகுதி ஊர்களிலும் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மிகுந்த ஊர்களிலும் 5 விழுக்காடும், பிற ஊர்களில் 10 விழுக்காடும் ஊராரின் பங்கு. அதை உழைப்பாகவும் தரலாம். நீரைச் சோதிக்க ஊருக்கு ஐந்து பெண்களுக்குப் பயிற்சி அளிக்க வேண்டும். விதிகள் நன்றாகவே இருக்கின்றன. அக்குழு தாளில் மட்டும் இருக்கிறதா, கூடிப் பேசுகிறதா என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

தமிழகத்துக்கு வெளியே வாழும் நேயர்களுக்கு இதில் என்ன பங்கு என்று நினைக்கலாம். நம்மில் பலருக்கு இரண்டு ஊர்கள் உண்டு. பிழைக்கும் ஊர் ஒன்று, பிறந்த ஊர் ஒன்று. பிறந்த ஊரில் கோயில் குடமுழுக்கு என்றால் டில்லியிலிருந்தும் பம்பாயிலிருந்தும் பணம் அனுப்புகிறோம். ஊர்த் தண்ணீருக்கும் அதுபோல் உதவ எண்ணுவோர் உண்டு. அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தங்கள் பெயர் பொறித்த தொட்டி ஒன்றைக் கட்டிக் கொடுத்துவிட்டுத் திரும்புவதைக் காட்டிலும், ஊர்க்குழுவின் பொதுநிதியில் அத்தொகையைச் சேர்ப்பது நீண்ட நாள் பயன் தரும். பெயர் பொறித்த தொட்டியில் விரிசல் கண்டால் ஊரார் கொடையாளரின் கடிதத்துக்குக் காத்திருப்பார்கள்.

மேலும், தமிழ்நாட்டில் கிராம சபை கூடும் நாட்களுள் உலகத் தண்ணீர் நாளாகிய மார்ச் 22ஆம் நாளும் 2022 முதல் சேர்க்கப்பட்டுள்ளது. அந்தச் சமயம் ஊரில் இருக்க வாய்த்தால் சபைக்குச் சென்று சில கேள்விகள் கேளுங்கள். குடிநீர்க்குழுவில் உள்ள பெண்கள் யார் யார்? சென்ற ஆண்டு எத்தனை நாள் தண்ணீர் நின்றது? நீரைச் சோதித்த முடிவு எங்கே? ஊரின் கடைசித் தெருவுக்கு வரும் குழாயில் முதல் தெருவில் வரும் அளவுக்கு நீர் வருகிறதா? ஏரியைத் தூர்வாரி மடையைக் காத்த குடிமராமத்து மரபைப் பற்றிப் பெருமை கொள்கிறோம்; பெருமை கொள்ளலாம். ஆனால் அந்நாளில் ஊர்க்கிணறு ஊரார் எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை என்பதையும் மறவாதிருப்போமாக. ஆகையால் நான் சொன்ன கேள்விகளுள் கடைசித் தெருவைப் பற்றியதையே முதலில் கேளுங்கள்.

நீங்கள் வாழும் நகரத்திலும், வரிசையில் குடத்தோடு நிற்கும் குடியிருப்புகள் உங்கள் வீட்டுக்கு அருகிலேயே இருக்கக்கூடும். அங்கே நம் மொழி பேசுவோரும் இருப்பார்கள்; பிற மொழி பேசுவோரும் இருப்பார்கள். விண்ணப்பம் எழுதித் தருவது, நீரைச் சோதனைக்கு அனுப்பி அதன் முடிவைப் படித்து விளக்குவது, குழுவின் கணக்கை எழுதக் கற்பிப்பது போன்ற சிறு உதவிகள் அங்கே தேவைப்படுகின்றன. எழுதப் படிக்கத் தெரிந்தவர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கினால் போதும். கணக்கு நோட்டு எப்போதும் அந்தக் குடியிருப்பினரின் வீட்டிலேயே இருக்கட்டும். நாம் அருகில் அமர்ந்து அதை எழுதக் கற்றுக்கொடுத்துவிட்டு வருவோம்.